அப்பா யார்? காலனிக் கால அமெரிக்க வம்சாவளி: கேள்வி-பதில்

அமெரிக்கக் குடும்பங்களில் சம்பந்தம் செய்துகொண்ட வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் பாதி ‘அப்பா யார்?’ என்ற இந்த ஒன்றில்தான் வந்து நிற்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

என் கணவரின் முன்னோர் வர்ஜீனியாக்காரர்கள். 1740களில் எழுதிய ஓர் உயிலில் நான்கு பிள்ளைகளின் பெயர் இருக்கிறது. மூத்த மகன் என்று நாங்கள் நம்புகிறவர் பெயர் மட்டும் இல்லை. அவர் மகனே இல்லையா?

அவசரப்பட்டு அவரைக் குடும்பத்தை விட்டுத் தள்ளிவிடாதீர்கள். அந்தக் கால வர்ஜீனியாவில் உயிலில் சொல்லாமல் விட்ட நிலம் சட்டப்படி மூத்த மகனுக்கே போகும். 1785இல் இயற்றிய சட்டம்தான் அதை மாற்றியது. சட்டமே கொடுப்பதை அப்பா எதற்கு எழுதிவைக்க வேண்டும்? உயிரோடு இருக்கும்போதே தானப் பத்திரம் எழுதி மூத்தவனின் பங்கைத் தீர்த்துவிட்டவர்களும் உண்டு.

ஆகவே உயிலை மூடிவைத்துவிட்டு நிலத்தின் பின்னால் போங்கள். நம்மூரில் தாய்ப்பத்திரம் தேடுகிற அதே வேலைதான். அப்பாவின் பெயரில் இருந்த நிலத்தை, தான் வாங்கியதற்கான பத்திரமே இல்லாமல், ஒருவர் பிற்பாடு விற்றிருந்தால் அவர் வாரிசாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பேரன் விற்ற பத்திரத்தில் நிலம் யார் யார் வழியாக வந்தது என்று மூன்று தலைமுறையும் ஒரே வரியில் கிடைப்பதும் உண்டு. அப்புறம் தலைவரிப் பட்டியல், அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று வரி வாங்க எழுதிய பட்டியல். வெள்ளைக்காரப் பையன்கள் 16 வயதில் அதில் ஏறினார்கள், பெரும்பாலும் வீட்டுத் தலைவரின் கணக்கில். வயதைக் கணிக்க உதவும். ஆனால் ஒரே குடும்பப் பெயர் என்பதற்காக மகன் என்று முடிவுகட்ட வேண்டாம், தம்பி மகனாகவும் இருக்கலாம்.

திருமணம் ஏப்ரல் 1731. குழந்தை பிறந்தது பிப்ரவரி 1731. அப்படியானால் கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளையா?

இல்லை, பத்து மாதம் கழித்துப் பிறந்த பிள்ளை! 1752க்கு முன் பிரிட்டிஷ் காலனிகளில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. அந்தக் கணக்கில் ஏப்ரலுக்குப் பிறகுதான் அதே ஆண்டின் பிப்ரவரி வரும். பிப்ரவரியில் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்த ஆண்டைக் குடும்ப பைபிளில் 1731/2 என்று இரட்டையாகக் குறித்திருப்பதும் இதனால்தான்.

மாசசூசெட்ஸில் மணமாகாத பெண்ணுக்குப் பிறந்த குழந்தை. தந்தை பெயரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, நீதிமன்றப் பதிவேட்டில். குழந்தையை வளர்க்கும் செலவு ஊர்ப் பணத்தின் தலையில் விழக்கூடாது என்பதில் ஊரார் கறாராக இருந்தார்கள். பிரசவ வலியின் நடுவே மருத்துவச்சி தந்தை யார் என்று கேட்பாள். அப்போது பெண் சொல்லும் பெயரை நீதிமன்றம் ஏற்றது. கொடூரமான வழக்கம்தான், ஆனால் அதனால்தான் இன்று நமக்குப் பெயர் கிடைக்கிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அது செலவுக்குப் பொறுப்பாளியின் பெயர், உயிரியல் சான்று அல்ல.

தாய் மணமானவளாக இருந்தாலும் சிக்கல் வரும். 1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை அமெரிக்காவுக்கு ஏற்றி வந்த மேஃபிளவர் கப்பலில் ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த மோர் குடும்பத்துக் குழந்தைகள் நால்வர் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். சட்டப்படி தந்தை சாமுவேல் மோர். ஆனால் குழந்தைகள் ஜேக்கப் பிளேக்வே என்பவரின் சாயலில் இருப்பதாகச் சொல்லி, மனைவி கேத்தரினிடமிருந்து பிரித்து அனுப்பியவரும் அந்தச் சாமுவேல்தான். மூவர் முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள். ரிச்சர்ட் மட்டும் பிழைத்து, மாசசூசெட்ஸின் சேலம் (Salem) என்ற ஊரில் முதுமை வரை வாழ்ந்தார். அவருடைய சந்ததியாருக்கு என் யோசனை: தந்தை இடத்தில் இரண்டு பெயரையும் குறிப்போடு எழுதுங்கள். தாய்வழியில் சந்தேகமே இல்லை, அதைத் தைரியமாக மேலே தொடரலாம்.

1760களில் வர்ஜீனியாவில் அடிமையாக இருந்த மூதாதையர். தாயின் பெயர் மட்டும் கிடைக்கிறது.

தந்தை பெயரை எழுதாதது கவனக்குறைவல்ல. 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தை அடிமையா சுதந்திர மனிதனா என்பது தாயைப் பொறுத்தது. முதலாளிக்குத் தந்தை பெயர் தேவைப்படவில்லை. முதலாளி குடும்பத்தின் உயில், சொத்துப் பட்டியல், கடன் பத்திரம் எல்லாவற்றையும் அலசுங்கள். அங்கேதான் மனிதர்களைச் சொத்தாக எண்ணிக் குறித்திருப்பார்கள். படிக்கவே மனம் வராது, வேறு வழியில்லை.

ஒய்-டிஎன்ஏ பொருந்திவிட்டது. இனி சந்தேகம் இல்லைதானே?

ஒய்-டிஎன்ஏ என்பது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற மரபுப் பொருள். அது பொருந்தினால் பங்காளிகள் என்பது உறுதி, அவ்வளவுதான். அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட அதே ஒய் குரோமோசோம்தான், சித்தப்பாவுக்கும் அதேதான். ஒவ்வொருவர் வழியில் வந்த ஆண்களையும் சோதித்தால், ஒரு கிளையில் மட்டும் தோன்றிய மாற்றம் சில சமயம் பிரித்துக் காட்டும். இல்லாவிட்டால் பழையபடி காகிதம்தான்: குழந்தை பிறந்த ஆண்டில் யாருக்கு வயது 12, யார் ஏற்கெனவே கரோலினாவுக்குப் போய்விட்டார் என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

அச்சிட்ட பழைய வம்சாவளிப் புத்தகத்தை நம்பலாமா?

தொகுத்தவர் யார் என்று முதலில் பாருங்கள். குஸ்தாவ் அன்ஜூ (1942இல் இறந்தவர்) பணக்காரர்களுக்குப் பொய் வம்சாவளி தயாரித்தே பிழைத்தவர். அவர் கைபட்டதென்றால் ஒவ்வொரு பெயருக்கும் தனியாக மூல ஆவணம் தேடுங்கள்.