இடுப்புக்கு ஃபில்லர் போடலாமா? சிரிஞ்சில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: நான் 23 வயது திருநங்கை. டாக்டர் மேற்பார்வையில் ஹார்மோன் எடுக்க ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. முகம், மார்பு எல்லாம் மாறிவிட்டது. ஆனால் தோள் இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது, இடுப்பு வளைவே இல்லாமல் பக்கவாட்டில் குழி விழுந்த மாதிரி இருக்கிறது. பெங்களூரில் ஓர் இடத்தில் ‘பாடி ஃபில்லர்’ (தோலுக்கு அடியில் ஊசியால் போட்டு இடத்தை நிரப்பும் பொருள்) போட்டு இடுப்பையும் தோளையும் இயற்கையாகத் தெரிகிற மாதிரி ஆக்கித் தருகிறோம், மொத்தம் 70,000 ரூபாய், ஆபரேஷன் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். என்னை மகளாக ஏற்றுக்கொண்ட அம்மா பல வருடம் முன்பு மும்பையில் ஊசி போட்டுக்கொண்டவர். தொடையில் கட்டி கட்டியாக இருக்கிறது, ஆனால் வலி இல்லை, ஒன்றும் ஆகாது என்கிறார். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். முதல் காரணமே அந்த விலைதான்.

முகத்துக்குப் போடும் ஹையலூரானிக் அமில ஃபில்லர் (நம் உடம்பிலேயே இருக்கும் ஒரு பொருளின் ஜெல்) பொதுவாக 1 மில்லி சிரிஞ்சில் வருகிறது. உதட்டுக்கு அந்த ஒரு சிரிஞ்ச் போதும். இடுப்புக் குழி வெளியே தெரியாத அளவுக்கு நிரம்ப வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கே பல பத்து மில்லி வேண்டும். நம் ஊரில் நல்ல கம்பெனி ஃபில்லர் ஒரு மில்லியே பதினைந்து, இருபது ஆயிரம் என்று போகிறது. உடம்புக்கென்று பெரிய சிரிஞ்சில் வருவது மில்லி கணக்கில் பார்த்தால் மலிவுதான், இருந்தாலும் இரண்டு இடுப்பும் இரண்டு தோளும் சேர்த்து 70,000 ரூபாயில் முடிகிறது என்றால், ஒன்று போட்டதே தெரியாத அளவுக்குக் கொஞ்சமாகப் போடுகிறார்கள், இல்லை உள்ளே போவது வேறு ஏதோ. எனக்கு அந்த இரண்டாவதுதான் பயம்.

அந்த ‘வேறு ஏதோ’ பெரும்பாலும் திரவ சிலிகான். சில சமயம் பாரஃபின் எண்ணெய், சில சமயம் பாலிஅக்ரிலமைடு ஜெல் (பல பேருக்குப் பிரச்சினையாகி சீனா 2006-லேயே தடை செய்த சரக்கு), சில சமயம் பி.எம்.எம்.ஏ என்கிற, கரையவே கரையாத பிளாஸ்டிக் துகள். சிலிகானை எடுத்துக்கொள்வோம். ஊசி தவறி ஒரு ரத்தக்குழாய்க்குள் போனால் அது நேராக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும், மூளைக்கும் போகலாம், சில மணி நேரத்திலேயே உயிர் போன ஆட்கள் உண்டு. தப்பித்தவர்களுக்கும் அதோடு முடிவதில்லை, ஏனென்றால் திரவம் போட்ட இடத்தில் நிற்காது, வருடக்கணக்கில் இடுப்பிலிருந்து தொடைக்கும் காலுக்கும் இறங்கும், சுற்றிலும் உடம்பு கெட்டியான கட்டிகளைக் கட்டும், தோல் கறுத்துப் புண்ணாகும். அதை முழுசாக எடுக்க எந்த சர்ஜனாலும் முடியாது, சதையோடு சதையாகக் கலந்துவிடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2017 நவம்பரில் உடம்பை வடிவமைக்க சிலிகான் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள் என்று பொதுமக்களுக்கே நேரடியாக எச்சரிக்கை கொடுத்தது. இப்படிப் பெரிய அளவில் உடம்பை வடிவமைக்க அவர்கள் எந்த ஃபில்லருக்கும் அனுமதி கொடுத்ததில்லை.

சரி, அசல் ஹையலூரானிக் அமிலமே போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு நல்ல விஷயம், பிரச்சினை வந்தால் ஹையலூரானிடேஸ் என்கிற மருந்தைப் போட்டுக் கரைக்கலாம். ஆனால் அவ்வளவு அளவைக் கரைப்பது உதட்டில் கரைக்கிற மாதிரி எளிதல்ல. ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவும் கரைந்துவிடும், மறுபடி அதே செலவு. மேக்ரோலேன் என்று உடம்புக்கென்றே ஒரு ஹையலூரானிக் ஜெல் ஐரோப்பாவில் விற்றது. மார்பகத்துக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள், மேமோகிராம் (மார்பகப் புற்றுநோயைத் தேடும் எக்ஸ்ரே) படத்தைச் சரியாகப் பார்க்க விடாமல் மறைக்கிறது என்பதால் 2012-ல் அந்தப் பயன்பாட்டையே நிறுத்த வேண்டியதாயிற்று. பாலி லாக்டிக் அமிலம் என்று இன்னொன்று இருக்கிறது, அது உடனே நிரப்பாது, மாதக்கணக்கில் தோலுக்கு உறுதி தரும் நம் கொலாஜன் புரதத்தை வளரவைக்கும், சரியான கையில் ஓரளவு நன்றாகவே வரும். ஆனால் கட்டி கட்டியாகிவிட்டால் அதைக் கரைக்க மருந்து கிடையாது. இவை எதையும் நான் விஷம் என்று சொல்லவில்லை. 23 வயதில், ஹார்மோன் பாதி வழியில் இருக்கும்போது அவசரமாகப் போட வேண்டியவை அல்ல என்கிறேன்.

ஏன் பாதி வழி? பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் கொழுப்பு இடுப்புக்கும் தொடைக்கும் போய்ச் சேர ஆரம்பிக்க 3 முதல் 6 மாதம் ஆகும், அது முழுமையடைய 2 முதல் 5 வருடம் வரை பிடிக்கும். நீங்கள் 14-வது மாதத்தில் இருக்கிறீர்கள். தோளிலும் கையிலும் உள்ள தசை குறைவதற்கும் ஒன்றிரண்டு வருடம் ஆகும். அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கப் பார்க்கிற வளைவில் ஒரு பங்கு தானாகவே வந்துகொண்டிருக்கிறது. இப்போது ஒரு அளவுக்கு நிரப்பிவிட்டு, இரண்டு வருடம் கழித்து சொந்தக் கொழுப்பும் அங்கேயே வந்து சேர்ந்தால் வடிவம் மேடும் பள்ளமுமாகப் போகும். இதற்கு நடுவில் பட்டினி கிடக்காதீர்கள், கொழுப்பே இல்லாத உடம்பில் ஹார்மோன் எதை எடுத்துக்கொண்டு போய் இடுப்பில் வைக்கும்?

பக்கவாட்டுக் குழி பற்றி. இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் தொடை எலும்பு வெளியே புடைக்கிற இடத்துக்கும் நடுவில் எல்லோருக்கும் ஒரு இறக்கம் இருக்கிறது. பிறவிப் பெண்களில் எத்தனையோ பேருக்கு அப்படியேதான் இருக்கிறது, அவர்களும் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். எலும்பு மாறாது. ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குகிற பயிற்சியில் பக்கத்துத் தசை கொஞ்சம் வளரும், குழி கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான்.

தோளுக்கு ஃபில்லர் என்பது எனக்குப் புரியவே இல்லை. ஃபில்லர் சேர்க்கிற பொருள், குறைக்காது. அகலமான தோளில் போட்டால் இன்னும் அகலமாகும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் புடைத்திருக்கும் தசையில் போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி) போடுவது வேறு விஷயம், கழுத்து நீளமாகத் தெரியும், சில மாதம்தான் நிற்கும், கையைத் தூக்கும்போது பலவீனம் தெரியலாம். தோளின் அகலம் மட்டும் அதில் ஒரு அங்குலம்கூடக் குறையாது, அது காறை எலும்பின் நீளம். இடுப்பு கொஞ்சம் கூடினாலே தோள் சின்னதாகத் தெரியும் என்பதுதான் உண்மை. அதற்கு இப்போதைக்கு பேட் வைத்த ஷார்ட்ஸ் போதும், சுடிதாருக்கும் புடவைக்கும் அடியில் யாருக்கும் தெரியாது. டான்ஸ் ஆடுகிறவர்கள், நடிகைகள் எல்லோரும் போடுவதுதான்.

ஹார்மோன் தன் வேலையை முடித்து, எடையும் ஒரு நிலைக்கு வந்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் சொந்தக் கொழுப்பை எடுத்து வைக்கிற சிகிச்சையைப் பற்றி ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் பேசுங்கள். வைத்ததில் ஒரு பங்கு கரைந்துபோகும். அதிலும் ஆபத்து உண்டு: பிட்டத்துத் தசைக்குள் ஆழமாகக் கொழுப்பைச் செலுத்தி, அது ரத்தக்குழாய் வழியாக நுரையீரலை அடைத்துப் பலர் இறந்த பிறகுதான், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அடுக்கில் மட்டும் வைக்க வேண்டும் என்று பிளாஸ்டிக் சர்ஜன் சங்கங்கள் விதியைக் கொண்டுவந்தன. ‘எந்த அடுக்கில் வைப்பீர்கள், அல்ட்ராசவுண்ட் பார்த்து வைப்பீர்களா’ என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிற டாக்டர் உங்களுக்கு வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் திருநர்களுக்கான பிரிவு இருக்கிறது, செலவில்லாமல் ஆலோசனை கேட்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் எங்கேயாவது போட்டுக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால், ஊசி போடுகிறவர் பதிவு பெற்ற மருத்துவரா என்று மாநில மருத்துவ கவுன்சிலின் பட்டியலில் தேடுங்கள், சீல் பிரிக்காத பெட்டியைக் கண்ணால் பாருங்கள், பேட்ச் எண் ஸ்டிக்கரைக் கையில் வாங்குங்கள். வீட்டிலோ பார்லரிலோ ஓட்டல் அறையிலோ போட்டுக்கொள்ளாதீர்கள். போட்ட சில மணி நேரத்தில் அல்லது அடுத்த நாளில் மூச்சுத்திணறல், இருமல், நெஞ்சுவலி, குழப்பம் என்று எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு, ஊசி போட்டேன் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் டாக்டர் நிமோனியா என்று நினைத்து வேறு வழியில் போய்விடுவார்.

அப்புறம் அம்மா. ‘ஒன்றும் ஆகாது’ என்கிறவருக்குத்தான் தொடையில் கட்டி இருக்கிறது. அந்த இடத்தைத் தேய்க்கவோ அழுத்தவோ, ‘சரி பண்ணித் தருகிறேன்’ என்று யாரும் மறுபடி ஊசி போடவோ விடக்கூடாது. ஹார்மோன் ஊசியானாலும் காய்ச்சல் ஊசியானாலும் அந்தப் பக்கம் இடுப்பில் வேண்டாம், தழும்பில்லாத வேறு தசையில் போடச் சொல்லுங்கள். இந்தக் கட்டிகளால் சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெட்டுப்போவது உண்டு, ஆரம்பத்தில் வலியே இருக்காது. இந்த வாரமே ரத்தத்தில் கால்சியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) இரண்டும் பார்த்துவிடச் சொல்லுங்கள், அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். தோல் சிவந்து சூடாக இருந்தாலோ புண் வந்தாலோ அதற்கு முன்பே கூட்டிப் போங்கள்.