பால் ஒத்துக்கொள்ளவில்லை, தயிர் ஒத்துக்கொள்கிறது: இது நோயா?

வணக்கம். முப்பது வயதுக்குமேல் ஒரு டம்ளர் பால் குடித்தாலே வயிறு உப்பிக் கடமுடவென்கிறது, தயிர்சாதம் மட்டும் ஒன்றும் செய்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீங்க, பெரும்பாலும் இது நோயில்லை.

பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி, பால்குடி மறந்தபின் குறைவதுதான் பாலூட்டிகளின் இயல்பு. கால்நடை வளர்த்த சில மக்களிடம்தான், கடந்த 10,000 ஆண்டுகளுக்குள், அது பெரியவர்களான பிறகும் சுரக்கும் மரபணு மாற்றம் பரவியது. நம்ம தென்னிந்தியாவில் அது வடமேற்கு இந்தியாவைவிடக் குறைவு.

உறை ஊற்றிய பாலில் நுண்ணுயிரிகள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். அதனால்தான் தயிர் தொந்தரவு செய்வதில்லை. தாராளமாக மோர் குடிங்க. கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்க.