கனெக்‌ஷனோடு கைமாறும் பயனர் எண்

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் தணிக்கை ட்ரிகருக்காக (யார் எதை மாற்றினார் என்று தானாகப் பதியும் நிரல்), லாகின் செய்தவரின் எண்ணை ‘செட்_கான்ஃபிக்’ வழியே கனெக்‌ஷனில் வைக்கிறோம். கனெக்‌ஷன்களைப் பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை டிரான்சாக்‌ஷன் மோடில் போட்டதும், ஒருவர் செய்த மாற்றம் இன்னொருவர் பெயரில் பதிவாகிறது. ஏன்?

பதில்: அந்த மோடில் டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் கனெக்‌ஷன் அடுத்தவருக்குப் போகும், நீங்கள் வைத்த மதிப்பும் கூடவே போகும். தணிக்கைப் பதிவே பொய்யாகிவிடும், இன்றே திருத்துங்கள். டிரான்சாக்‌ஷனைத் தொடங்கும் ‘பிகின்’ கொடுத்த பிறகு செட்_கான்ஃபிக்கை அழைத்து, மூன்றாவது இடத்தில் ‘ட்ரூ’ கொடுங்கள். கமிட் ஆனதும் மதிப்பு நீங்கிவிடும். பிகின் இல்லாமல் அழைத்தால் அந்த ஒரு வரியோடு மறைந்துவிடும். பலர் இடறுவது இங்கேதான்.

ட்ரிகரில் அந்த மதிப்பைப் படிக்கும் ‘கரன்ட்_செட்டிங்’குக்கு இரண்டாவதாக ட்ரூ கொடுத்தால், மதிப்பு இல்லாதபோது பிழை வராது, ‘நல்’ வரும் (9.6 பதிப்பு முதல்). ஆனால் ஒருமுறை வைத்து நீங்கிய கனெக்‌ஷனில் வருவது வெற்று ஸ்ட்ரிங். அதை இன்டிஜராக மாற்றப்போனால் பிழைதான். முதலில் அதை ‘நல்’ ஆக்கும் ‘நல்இஃப்’ போட்டுவிடுங்கள்.