அந்த ஒரு எபிசோடு

கேள்வி: எனக்கு வயது 42. பதினைந்து வருஷமாக சீரியல்களில் ஒரு சீன், இரண்டு சீன் வேஷம்தான். போன மாதம் வாட்ச்மேன், இரண்டு வரி வசனம். வீடு மனைவியின் சம்பளத்தில் ஓடுகிறது. ‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்க டிவி தொடரின் நாயகன் பிரையன் க்ரான்ஸ்டனே ஐம்பதுக்கு மேல்தான் பெயர் வாங்கினார் என்று நண்பர்கள் தேற்றுகிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரருக்கு,

வயதுக் கணக்கு சரிதான். 2008 ஜனவரியில் அந்தத் தொடர் வந்தபோது க்ரான்ஸ்டனுக்கு 51. ஆனால், அவர் ஒருநாளும் காத்திருக்கவில்லை.

அவருடைய அப்பாவும் நடிகர். பெரிய வாய்ப்பு அமையாமல் நொந்து, பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே வீட்டை விட்டுப் போனவர். இந்தத் தொழில் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று தெரிந்தேதான் மகன் வந்தார். விளம்பரம், பகல்நேர சீரியல், ஜப்பானிய கார்ட்டூனுக்கு டப்பிங், ‘பவர் ரேஞ்சர்ஸ்’ அரக்கர்களுக்குக் குரல் என்று எது கிடைத்தாலும் செய்தார்.

1998-இல் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரில் ஒரே ஒரு எபிசோடு. எழுதியவர் வின்ஸ் கில்லிகன்; பின்னாளில் ‘பிரேக்கிங் பேட்’டை உருவாக்கியவர். கார் வேகம் குறைந்தால் தலை வெடித்துவிடும் என்ற நிலையில் ஒருவன். வாயைத் திறந்தால் யூத வெறுப்பு. பார்க்கப் பிடிக்காத அந்த ஆளுக்காகக் கடைசியில் நம் மனசு இளக வேண்டும். க்ரான்ஸ்டன் இளக வைத்தார்.

பிறகு ஏழு சீசன் ‘மால்கம் இன் த மிடில்’. பிள்ளைகளைவிடப் பெரிய குழந்தையாக ஒரு அப்பா. அதனாலேயே ‘பிரேக்கிங் பேட்’டுக்கு கில்லிகன் அவர் பெயரைச் சொன்னதும், “அந்த காமெடி அப்பாவா?” என்று சேனல்காரர்கள் தயங்கினார்கள். கில்லிகன் அந்தப் பழைய எபிசோடைப் போட்டுக் காட்டினார். தயக்கம் தீர்ந்தது. அந்த வேஷத்துக்கு மட்டும் அமெரிக்க டிவி உலகின் பெரிய விருதான எம்மி நான்கு முறை.

அந்தத் தொடரின் நாயகன் வால்டர் ஒயிட்டை அவர் கட்டியதைக் கவனித்துப் பாருங்கள். கொஞ்சம் தொப்பை, தொங்கிய தோள், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மீசை, வெளிறிய நிறத்தில் சட்டை. வசனம் பேசுவதற்கு முன்பே தோற்றுப்போன மனிதர் தெரிகிறார்.

ஆடிஷனுக்கு வேலை கேட்டுப் போகக்கூடாது, அந்தப் பாத்திரத்தைச் செய்து காட்டிவிட்டு வந்துவிட வேண்டும், மற்றது நம் கையில் இல்லை என்று க்ரான்ஸ்டன் பேட்டிகளில் சொல்வார். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஆனால், வீட்டுப் பாரம் முழுவதையும் மனைவியின் தலையில் வைத்துவிட்டு இதைச் செய்யாதீர்கள். டப்பிங், விளம்பரக் குரல் எதுவானாலும் மாதாமாதம் கொஞ்சம் வரட்டும். அவரிடம் இன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள்.

அந்த வாட்ச்மேன் அன்றிரவு சாப்பிட்டிருந்தாரா? எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்? கேட் சாவியை எந்தப் பையில் வைத்திருந்தார்? யோசித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.