சின்ன சர்க்கரை நோய் ஆஸ்பத்திரியில் விழித்திரை பார்க்க ஏஐ வைக்கலாமா?

கேட்டது: திருமங்கலம் பக்கம் சிறிய சர்க்கரை நோய் மருத்துவமனை, கண் மருத்துவர் கிடையாது. ஃபண்டஸ் கேமராவும் (விழித்திரையைப் படமெடுப்பது) படத்தைப் படிக்கிற ஏஐ-யும் வாங்கினால் நோயாளிகளுக்குப் பயன்படுமா? எங்கே சொதப்பும்?

பயன்படும். ஆனால் மென்பொருளுக்கு விலை பேசுவதற்கு முன்னால், கதவைச் சாத்தினால் நிஜமாகவே இருட்டாகிற ஒரு அறை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சொதப்புவது அங்கேதான்.

மென்பொருளின் திறமை ஓரளவு தெரிந்த விஷயம். கூகுள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கினார்கள். படம் கொடுத்தவற்றில் நம் அரவிந்த் கண் மருத்துவமனையும் உண்டு. பிறகு அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்து 2019-ல் முடிவு வந்தது. அரவிந்தில், மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவர்களில் 88.9% பேரைப் பிடித்தது. அனுப்பத் தேவையில்லாதவர்களில் 92.2% பேரைச் சரியாக விலக்கியது.

இதை உங்கள் ஓ.பி.க்குக் கொண்டு வருவோம். 100 பேரில் 20 பேருக்கு அனுப்ப வேண்டிய அளவு பாதிப்பு என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 18 பேர் பிடிபடுவார்கள், 2 பேர் தப்புவார்கள். மீதி 80 பேரில் 6 பேரைத் தேவையில்லாமல் மதுரைக்கு பஸ் ஏற்றுவீர்கள். அந்த 6 பற்றிக் கவலை வேண்டாம். அந்த 2-க்காகத்தான் வருடாவருடம் திரும்பப் படமெடுப்பதை விடக் கூடாது.

இந்தச் சதவீதமெல்லாம் படம் தெளிவாக இருந்தால்தான். தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் இதே வகை கருவியை வைத்தபோது, முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21% படங்களைப் படிக்க முடியாது என்று கருவியே தள்ளிவிட்டது. முக்கியக் காரணம் அறையில் வெளிச்சம். வெளிச்சம் இருந்தால் கண் பாவை சுருங்கும். மருந்து ஊத்தாமல் எடுக்கிற கேமராவுக்கு விரிந்த பாவைதான் வாசல். உள்ளே வந்த நோயாளியை ஐந்து நிமிடம் இருட்டில் உட்கார வையுங்கள். ஒரு கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் இரண்டு பாவையும் சுருங்கும். அதனால் அடுத்த கண்ணுக்கு இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். கூட்டம் நிற்கிற நாளில் டெக்னீசியன் முதலில் விழுங்குவது இந்த மூன்று நிமிடத்தைத்தான்.

அப்படியும் விரியவில்லையென்றால் (நாள்பட்ட சுகர்காரர்களுக்குப் பாவை சிறுத்தே இருக்கும்) டிராபிக்கமைட் சொட்டு மருந்து, 20 முதல் 30 நிமிடக் காத்திருப்பு. முன்கோணம் (கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிகிற இடம்) குறுகலான கண்ணில் இது திடீரென்று அழுத்தத்தை ஏற்றிவிடலாம் என்பதால், யாருக்கு ஊத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஊத்திய பின் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு தனியாக வந்தவருக்கு அன்று ஊத்தாதீர்கள்.

ஓரத்தில் பிறை மாதிரி கருப்பு விழுந்தால் கேமரா பாவையின் நடுவில் நிற்கவில்லை என்று அர்த்தம். மேலே கீழே நிழல் விழுந்தால் இமையும் இமை மயிரும்தான் காரணம். இமையைத் தூக்கிப் பிடியுங்கள். எல்லோர் படத்திலும் ஒரே இடத்தில் ஒரு புள்ளி வந்தால் அது நோயில்லை, லென்ஸில் தூசி. முதலில் காற்று ஊதி, பிறகு லென்ஸ் துடைக்கிற தாளால் துடைக்க வேண்டும். சேலைத் தலைப்பால் அல்ல. மூன்று தடவை எடுத்தும் மங்கலாகவே இருந்தால் பெரும்பாலும் கண்புரை. அவரையும் கண்ணாஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். 'படிக்க முடியவில்லை' என்பதை 'நார்மல்' கணக்கில் சேர்த்துவிடுவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான தவறு.

இணையம் விட்டு விட்டு வருகிற ஊர் என்றால் மேகக் கணினியை (படத்தை இணையம் வழியே வெளியே அனுப்பிப் படிக்கிற முறையை) நம்ப வேண்டாம். பெங்களூரு ரெமிடியோ நிறுவனத்தின் கேமராவில் போனிலேயே இணையமில்லாமல் ஓடும் ஏஐ இருக்கிறது. வேறு யாரிடம் வாங்கினாலும் இதை முதலில் கேளுங்கள். எதை வாங்கினாலும் முதல் 200 நோயாளிகளின் படங்களை ஒரு கண் மருத்துவரிடமும் கொடுத்து, ஏஐ சொன்னதைக் காட்டாமல் படிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். உங்கள் அறை, உங்கள் கேமரா, உங்கள் டெக்னீசியன் மூன்றும் சேர்ந்து எவ்வளவு தேறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அனுப்பியவர் போனாரா என்று பார்க்க ஒரு நோட்டும் ஒரு ஆளும் வேண்டும். நல்லாத்தானே தெரியுது என்று தள்ளிப்போடுவார்கள், நடுவில் நாற்று நடவோ சித்திரைத் திருவிழாவோ வந்துவிடும். இரண்டு வாரத்தில் ஒரு போன்.

சீட்டில் 'கண் நார்மல்' என்று மட்டும் அச்சடிக்காதீர்கள். நடுப்பகுதியை 45 டிகிரிக்கு எடுத்த படத்தில் ஓரத்துக் கிழிசல் தெரியாது, கண் அழுத்தமும் தெரியாது. சர்க்கரைப் பாதிப்புக்குப் பழக்கிய கருவி கிளாகோமாவை (கண் நரம்பைக் கெடுக்கும் நோய்) தேடவே தேடாது. 'சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு இந்தப் படத்தில் தெரியவில்லை. அடுத்த படம் ஒரு வருடத்தில். அதற்குள் பார்வை மங்கினால் உடனே வரவும்' என்று போட்டு, கீழே அடுத்த வருடத் தேதியைப் பேனாவால் எழுதிக் கொடுங்கள்.