கிழித்த பக்கங்கள்

வணக்கம் அண்ணை. மருதானைப் பழைய புத்தகக் கடையில் 'அமெரிக்கன் சினிமாட்டோகிராபர்' என்ற சினிமா ஒளிப்பதிவு இதழ்கள் ஒரு கட்டு கிடைத்தன. 1968 முதல் 1976 வரை, இடையிடையே விடுபட்டு. கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறேன், ஈரம் பயமாக இருக்கிறது. லாமினேட் செய்யலாமா? விடுபட்டவற்றை எங்கே தேடுவது? கட்டுரைகளை மட்டும் பைண்ட் செய்ய, விளம்பரப் பக்கங்களைக் கிழிக்கத் தொடங்கியிருக்கிறேன்.
- கே., வெள்ளவத்தை

தம்பி,

முதலில் அந்தக் கையை நிறுத்துங்கள்.

லாமினேட் வேண்டாம், பிறகு பிரிக்க ஏலாது. இதழைத் தைத்திருக்கும் துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றுங்கள். மினுங்கும் தாள் நனைந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிவிடும், ஆகவே கடல் பக்கச் சுவரோடு அலுமாரியை வைக்காதீர்கள். விடுபட்டவை விடுபட்டே இருக்கட்டும்.

சரி, விளம்பரம். 1976 மார்ச் இதழ் உங்களிடம் இருந்தால் பாருங்கள். குப்ரிக்கின் 'பாரி லிண்டன்' படத்தின் மெழுகுதிரிக் காட்சிகளுக்குப் பயன்பட்ட, மிக அகலமாகத் திறக்கும் ஸைஸ் எஃப் 0.7 லென்ஸ் பற்றிய கட்டுரை அதில்தான். எல்லோரும் அதை வாய் பிளந்து படிப்பார்கள். அப்படியொரு லென்ஸ் ஏன் தேவைப்பட்டது? அந்தப் படம் எடுத்த கோடக் 5254 கலர் நெகட்டிவ் பிலிமின் வேகம், அதாவது ஒளியை வாங்கும் திறன், வெறும் 100. லாபில் கூடுதல் நேரம் இழுத்துக் கழுவியும் 200தான். 1950இல் வந்த முதல் ஈஸ்ட்மன் கலர் நெகட்டிவுக்கோ 16! அந்த மாதம் கடையில் என்ன வாங்க முடிந்தது, கமராக்காரன் எதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினான் என்பதெல்லாம் விளம்பரத்தில்தான் இருக்கிறது ஐயா. அதைக் கிழித்துவிட்டால் உங்கள் கையில் மிஞ்சுவது மந்திரவாதிக் கதை.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், போன கிழமைதான் மாமாவின் இதழை வெளியே எடுத்தேன். மாமா ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுத்தவர், சினிமாக் கமராவைத் தொட்டதேயில்லை. ஆனால் பின்னேரங்களில் லைட் மீற்றரோடு காலிமுகத்திடலுக்குப் போய் நிற்பார். கடலை வாங்கித் தருவாரே என்று நானும் பின்னால் போவேன். 83 ஜூலைக் கலவரத்தில் அவருடைய அறையோடு எல்லா இதழ்களும் எரிந்தன. நான் இரவல் வாங்கியிருந்த ஒன்று மட்டும் தப்பியது. அதில் 5254 விளம்பரத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: '85 பில்டரோடு 64. காலிமுகம், பின்னேரம் 6 மணி, எஃப் 4.' பகல் வெளிச்சத்தில் எடுக்க அந்த பிலிமுக்கு 85 பில்டர் போட வேண்டும், போட்டால் வேகம் 64 ஆகிவிடும். கட்டுரைப் பக்கங்களில் ஒரு கோடுகூட இல்லை.

கிழித்ததைக் குப்பையில் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் ஞாயிறு காலை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஓரங்களைப் பார்க்க வேண்டும்.