மாத்திரைய நிறுத்தறதுக்கு முன்னாடி அட்டைய திருப்பிப் பாருங்க: கேள்வி பதில்

போன தடவை டிப்ரஷன் மாத்திரை எவ்ளோ நாள் சாப்பிடணும்னு ரெண்டு பத்தி எழுதுனேன், அதுக்கு வந்த கடிதம் அத்தனையும் நிறுத்தறத பத்தித்தான். நல்லதுதான். ஆனா பாதிப் பேரு மாத்திரை பேரையே எழுதல. "வெள்ளை கலர், சின்னது, நடுவுல கோடு இருக்கும்"னா நான் என்னன்னு எடுத்துக்கறது? தஞ்சாவூர்லேர்ந்து நாகப்பட்டினம் வரைக்கும் எந்த மெடிக்கல்ல கேட்டாலும் அந்த அடையாளத்துக்கு ஒரு கூடை மாத்திரை எடுத்துப் போடுவாங்க. அட்டைய திருப்புங்க. கம்பெனி வச்ச பேரு பெருசா இருக்கும், அதுக்கு பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கறதுதான் மருந்து, கூடவே எம்ஜி. இந்த ரெண்டும் இல்லாத கடிதத்த இந்த தடவை பெரும்பாலும் தள்ளிட்டேன், ஆனா ஒண்ணைத் தள்ள முடியாது. அதை முதல்ல முடிச்சிடறேன்.

கேள்வி: மாத்திரைய நிறுத்தி பத்து நாள் ஆச்சு. ராத்திரியானா இனிமே இருந்து என்ன ஆகப்போவுதுன்னே தோணுது. (ஊர், பேர் எழுதல)

பதில்: இதைப் படிச்ச உடனே வீட்டுல ஒருத்தர்கிட்ட இந்த வரிய அப்படியே சொல்லுங்க, வாய் வரலைன்னா காட்டுங்க. 14416 டெலி மானஸ், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. மாத்திரைய சட்டுனு விட்டா இந்த மாதிரி எண்ணம் கிளம்பறது உண்டு, அது உங்க புத்தி இல்ல, சரி பண்ணக்கூடியது, ஆனா இன்னைக்கே டாக்டரை பாக்கணும், ராத்திரி ரொம்ப முடியலைன்னா விடியட்டும்னு காத்திருக்காம பக்கத்து ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு போயிடுங்க. வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு: தனியா விடாதீங்க. வயலுக்கு வாங்குன பூச்சிமருந்து, களைக்கொல்லிய திண்ணையிலயும் நெல்லு மூட்டை சந்துலயும் வைக்காம பூட்டி சாவிய நீங்க வச்சுக்குங்க, மாத்திரையும் உங்க கையில இருக்கட்டும்.

கேள்வி: எஸ்சிடலோப்ராம் 10, ஒரு வருஷமா போட்டேன், நல்லா ஆயிட்டேன்னு நானே நிறுத்திட்டேன். அஞ்சு நாளா கண்ண திருப்புனா தலைக்குள்ள கரண்ட் அடிக்குது, கிறுகிறுப்பு, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, கண்ட கனவெல்லாம் வருது. எம்ஆர்ஐ எடுக்கணுமா? (கும்பகோணம், 29 வயசு)

பதில்: எடுக்க வேணாம், அந்தக் காச வேற எதுக்காவது வச்சுக்குங்க. நீங்க எழுதிருக்கறது பாடத்துல இருக்கற மாதிரியே வித்ட்ராயல், அதாவது மாத்திரைய விட்டதால வர்ற தொந்தரவு, தலைக்குள்ள அடிக்கற அந்த ஷாக்தான் அதுக்கு அடையாளமே. மூளை ஒரு வருஷமா ஒரு அளவு செரடோனினுக்கு (மனநிலையோட சம்பந்தப்பட்ட மூளை ரசாயனம்) பழகிடுச்சு, நீங்க ஒரே நாள்ல பிடுங்கிட்டீங்க, அது தன்ன சரி பண்ணிக்க நேரம் எடுக்குது. பெரும்பாலும் நிறுத்துன ரெண்டாவது நாளோ நாலாவது நாளோ ஆரம்பிக்கும், நிறைய பேருக்கு ரெண்டு மூணு வாரத்துல அடங்கிடும், சிலருக்கு மாசக்கணக்குல இழுக்கும். எழுதிக் கொடுத்த டாக்டருக்கு போன் பண்ணுங்க, அவரு அனேகமா பழைய அளவையே திரும்ப ஆரம்பிச்சு அப்புறம் மெதுவா குறைப்பாரு, ஆரம்பிச்ச ஒண்ணு ரெண்டு நாள்ல ஷாக் குறையறது தெரியும். அதுவரைக்கும் பைக் ஓட்டாதீங்க, மோட்டார் ரூம்ல தனியா வேலை பாக்காதீங்க. ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ வாய் கோணுனாலோ பேச்சு குழறுனாலோ அது இந்த கதை இல்ல, உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: நிறுத்துனா பழைய நோயே திரும்ப வருதா, இல்ல மாத்திரை விட்டதால வர்ற தொந்தரவான்னு எப்படி தெரிஞ்சிக்கறது? (திருவாரூர், ஆசிரியை)

பதில்: நல்ல கேள்வி டீச்சர், டாக்டர்களே இதுல குழம்பறதுண்டு. நிறுத்துன சில நாள்லயே வந்தா, முன்ன இல்லாத உடம்பு தொந்தரவு (ஷாக், கிறுகிறுப்பு, காய்ச்சல் மாதிரி உடம்பு வலி) கூட வந்தா, மாத்திரைய திரும்ப போட்ட உடனே போனா, அது வித்ட்ராயல். வாரமோ மாசமோ கழிச்சு மெதுவா, பழைய மாதிரியே சாப்பாடு பிடிக்காம, விடியக்காலைல முழிப்பு வந்து, எதுலயும் நாட்டம் இல்லாம வந்தா, அது நோய். அழுகையும் எரிச்சலும் ரெண்டுலயும் வரும், அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க, உங்களுக்கு சொல்லியா கொடுக்கணும்.

கேள்வி: செர்ட்ராலின் 100, மூணு வருஷம். எவ்ளோ நாள்ல நிறுத்தலாம்? ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு நிறுத்திடலாம்னு மாமா சொல்றாரு. (மயிலாடுதுறை)

பதில்: மாமா என்ன படிச்சிருக்காரு? ஒருநாள் விட்டு ஒருநாள் வேணாம், செர்ட்ராலின் ஒரு நாள் சுமாருக்கு ரத்தத்துல பாதியா குறைஞ்சிடும், ஒவ்வொரு ரெண்டு நாளுக்கும் நீங்க ஒரு குட்டி வித்ட்ராயல் பாத்துட்டு இருப்பீங்க. தினமும் போடணும், அளவுதான் குறையணும். முன்னெல்லாம் ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல முடிச்சிடலாம்னு சொல்லிட்டு இருந்தாங்க, இப்ப வருஷக்கணக்கா போட்டவங்களுக்கு மாசக்கணக்குல குறைக்கச் சொல்றாங்க, இங்கிலாந்து மனநல டாக்டர்கள் சங்கம் 2020ல இதுக்குன்னே வழிகாட்டி போட்டுச்சு. காரணம் என்னன்னா 100லேர்ந்து 50க்கு வர்றப்ப மூளைக்கு பெருசா ஒண்ணும் தெரியாது, 25லேர்ந்து பூஜ்ஜியத்துக்கு போறதுதான் பெரிய இறக்கம், படித்துறைல மேல்படியெல்லாம் சுலபமா இறங்கிட்டு கடைசிப் படில கால வச்சா இடுப்பளவு ஆழம்னு இருக்குமே அப்படி. அதனால 100, 75, 50ன்னு மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை வந்துட்டு, அதுக்கு கீழ இன்னும் சின்னச் சின்னதா, இன்னும் மெதுவா. ஒரு படில தொந்தரவு அதிகமானா அங்கயே நில்லுங்க, இல்லன்னா ஒரு படி மேல ஏறுங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல.

பயந்துடவும் வேணாம். 2024ல பல ஆய்வுகள சேத்துப் பாத்ததுல நிறுத்துனவங்கள்ல பத்துக்கு மூணு பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு, ஆனா வெறும் டம்மி மாத்திரைய நிறுத்துனவங்கள்லயும் ஆறுல ஒருத்தருக்கு வந்திருக்கு, ரொம்ப கடுமையா வர்றது சுமார் 35 பேருக்கு ஒருத்தர். இன்னொன்னையும் தெரிஞ்சிக்குங்க: இங்கிலாந்துல வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்டு நல்லா இருந்தவங்கள வச்சு 2021ல வந்த ஆய்வுல, நிறுத்துனவங்கள்ல ஒரு வருஷத்துக்குள்ள நூத்துக்கு 55 பேருக்கு மேல நோய் திரும்பிடுச்சு, தொடர்ந்து சாப்பிட்டவங்கள்ல 40 பேருக்கு கிட்ட. ரெண்டு நம்பரையும் பாத்துட்டு முடிவெடுங்க. குறுவை அறுப்பு, தங்கச்சி கல்யாணம், பரீட்சை இந்த மாதிரி நேரத்துல ஆரம்பிக்காதீங்க.

கேள்வி: வென்லாஃபாக்சின் கேப்ஸ்யூல பிரிச்சு பாதி பாதியா போட்டுக்கறேன், சரிதானே? (சீர்காழி)

பதில்: நீங்களா பண்ணக்கூடாது. அது மெதுவா கரையறதுக்காக பண்ணுன மருந்து, மென்னாலோ பொடி பண்ணுனாலோ நாள் பூரா வர வேண்டியது ஒரே மூச்சுல இறங்கிடும். வித்ட்ராயல் அதிகம் கொடுக்கறதுல இதுவும் பராக்ஸெட்டினும் முன்வரிசை, சின்ன எம்ஜியா மாத்தித் தரச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க.

கேள்வி: நான் ஃப்ளுவாக்ஸெட்டின் 20 ஒரே நாள்ல நிறுத்துனேன், ஒண்ணுமே ஆகல. நீங்கள்லாம் சும்மா பயமுறுத்தறீங்க. (வேதாரண்யம்)

பதில்: உங்களுக்கு ஆகல, சந்தோஷம். அந்த மருந்து உடம்பை விட்டு முழுசா போக வாரக்கணக்குல ஆகும், தானே மெதுவா குறைச்சுக்கும். உங்க அனுபவத்த பராக்ஸெட்டின் போடற பக்கத்து வீட்டுக்காரருக்கு அட்வைஸா கொடுத்துடாதீங்க. இன்னும் ஒரு மாசம் கவனமாவே இருங்க, இதுல லேட்டா வர்றதும் உண்டு.

கேள்வி: எனக்கு மனசுல ஒரு பிரச்சனையும் இல்ல, சக்கரை மட்டும்தான். கால் எரிச்சலுக்கு டுலாக்ஸெட்டின் 60 கொடுத்தாங்க, எரிச்சல் கொறஞ்சதும் விட்டேன், நாலு நாளா தலை சுத்துது, எரிஞ்சு எரிஞ்சு விழறேன்னு வீட்டுல திட்டறாங்க. (திருத்துறைப்பூண்டி, 61 வயசு)

பதில்: ஐயா, டுலாக்ஸெட்டின் டிப்ரஷனுக்கும் கொடுப்பாங்க, சக்கரையால வர்ற நரம்பு எரிச்சலுக்கும் கொடுப்பாங்க, எதுக்கு சாப்பிட்டோம்னு மூளைக்கு தெரியாது, விட்டா ஒரே மாதிரிதான் கேக்கும். முதல்ல சக்கரை தாழ்ந்திருக்கான்னு ஒரு தடவை குத்திப் பாத்துடுங்க, அது சரியா இருந்தா கொடுத்த டாக்டர்கிட்ட போயி 30, 20ன்னு இறக்கச் சொல்லுங்க. தலைவலிக்கும் கால் வலிக்கும் அமிட்ரிப்டிலின் போடறவங்களுக்கும் இதேதான். அட்டைய திருப்பிப் பாருங்க.

கேள்வி: கஜா புயல்ல தென்னந்தோப்பு மொத்தமும் சாஞ்சதுலேர்ந்து அப்பாவுக்கு தூக்கம் போயிடுச்சு. அப்ப ஒரு டாக்டர் எழுதுன நரம்பு மாத்திரைய இன்னைக்கு வரைக்கும் மெடிக்கல்லயே வாங்கிக் கொடுக்கறோம், அட்டையில எஸ்சிடலோப்ராம் 10, குளோனசிபாம் 0.5ன்னு இருக்கு. இப்ப மறதி ஜாஸ்தி, ரெண்டு தடவை கொல்லையில தடுமாறி விழுந்துட்டாரு. நாளையிலேர்ந்து நிறுத்திடலாம்னு இருக்கோம். (பட்டுக்கோட்டை பக்கம், அப்பாவுக்கு 68)

பதில்: நிறுத்தாதீங்கம்மா. நாளைக்கும் கொடுங்க, நாளன்னைக்கும் கொடுங்க, டாக்டரை பாக்கற வரைக்கும் கொடுங்க.

இந்த ரெட்டை மாத்திரை விஷயத்துல எனக்கு வர்ற கோவத்த எங்க போயி கொட்டறதுன்னு தெரியல. புயல் அடிச்சது 2018 நவம்பர். அந்த நேரத்துல அப்பாவுக்கு இதை எழுதுன டாக்டரை நான் குத்தம் சொல்லமாட்டேன், ஒரு தலைமுறை வளத்த மரம் ஒரே ராத்திரில படுத்துக் கிடந்தா யாருக்குத்தான் தூக்கம் வரும். ஆனா பதட்டத்த அடக்கி தூங்க வைக்கற குளோனசிபாம் சேந்த மாத்திரை ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துக்குத்தான், எஸ்சிடலோப்ராம் வேலை செய்ய ஆரம்பிக்கற வரைக்கும் முட்டு கொடுக்க. அப்புறம் டாக்டர் அதை எடுத்துடணும். எடுக்கறதுக்கு பேஷண்ட் திரும்ப வரணும். வரமாட்டாங்க, ஏன்னா பழைய சீட்டு போதும், இல்ல அட்டைய கிழிச்சு காட்டுனா போதும், கடைல கொடுத்துடறாங்க. வருஷக்கணக்கா! டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு சட்டம், அந்த அட்டைலயே செவப்பு எழுத்துல போட்டிருக்கு, விக்கறவங்களும் படிக்கல வாங்கறவங்களும் படிக்கல. பெரியவர் விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு படுத்தப்புறம்தான் பையோட எங்கிட்ட கொண்டுவராங்க.

இப்ப உங்க அப்பா விஷயம். மறதிக்கும் தடுமாற்றத்துக்கும் குளோனசிபாம் காரணமா இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம், பிரஷர், சோடியம், சக்கரை எல்லாம் பாக்கணும் (எஸ்சிடலோப்ராம் வயசானவங்களுக்கு சோடியத்த இறக்கறதுண்டு). ஆனா இத்தனை வருஷம் போட்ட குளோனசிபாமை சட்டுனு விட்டா தலைசுத்தலோட போகாது, வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி ஆளையே அடையாளம் தெரியாம பேசலாம், அதுவும் மறுநாளே வராது, சில நாள் கழிச்சு "நல்லாத்தானே இருக்காரு"ன்னு நீங்க நிம்மதியா இருக்கறப்ப வரும். வலிப்பு வந்தா யோசிக்காம 108. அடுத்தது, இந்த மாத்திரைய பாதியா உடைச்சா ரெண்டு மருந்தும் ஒண்ணா பாதியாகும், எதனால தொந்தரவுன்னே கண்டுபிடிக்க முடியாது. டாக்டர் இதை ரெண்டு தனி மாத்திரையா பிரிச்சு எழுதுவாரு, ஒண்ணை அசைக்காம வச்சுக்கிட்டு இன்னொன்னை இறக்கணும். குளோனசிபாம் மட்டும் ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவை பத்துல ஒரு பங்கு சுமாருக்கு, மாசக்கணக்குல போகும். பொறுமை வேணும். பட்டுக்கோட்டைலயே அரசு ஆஸ்பத்திரில மனநல டாக்டர் என்னைக்கு வர்றாங்கன்னு கேளுங்க, இல்ல தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஓபிக்கு அட்டையோட போங்க. அட்டையோட! காலி அட்டையா இருந்தாலும் பரவால்ல.

கேள்வி: அண்ணனை குணசீலம் கோயிலுக்கு ஒரு மண்டலம் கூட்டிட்டுப் போறோம். அந்த 48 நாளும் மாத்திரைய விட்டுடலாமா? (திருவையாறு, பராக்ஸெட்டின் 25)

பதில்: தாராளமா கூட்டிட்டுப் போங்க, பெருமாள் மாத்திரைய விடச் சொல்லல. 48 நாளுக்கான மாத்திரைய முன்னாடியே வாங்கிக்குங்க. பராக்ஸெட்டினை விட்டா ரெண்டாவது நாளே ஆட ஆரம்பிச்சிடுவாரு, அதைப் பாத்துட்டு சாமி இறங்கிடுச்சுன்னு நீங்க வேற நினைச்சுக்குவீங்க.

கேள்வி: ரமலான் நோன்புல எஸ்சிடலோப்ராம் எப்ப போடறது? விட்டுடலாமா? (கூத்தாநல்லூர்)

பதில்: விடவேணாம். ஒருவேளை மாத்திரைதானே, சஹர்லயோ (விடியறதுக்கு முன்னாடி சாப்பிடறப்ப) நோன்பு திறந்தோ போட்டுக்குங்க, மாசம் பூரா ஒரே நேரத்துல. தூக்கம் வருதுன்னா நோன்பு திறந்தப்புறம்.

கேள்வி: நாள் தள்ளிப் போயிருக்கு, கன்ஃபார்ம் ஆயிடுச்சு. செர்ட்ராலின் 50ஐ இன்னைக்கே நிறுத்தச் சொல்றாங்க மாமியார். (நாகப்பட்டினம்)

பதில்: வாழ்த்துகள்மா. இன்னைக்கே நிறுத்தாதீங்க. செர்ட்ராலின் கர்ப்பத்துல தேவைன்னா தொடர்ந்து கொடுக்கற மருந்துதான், நோய் திரும்புனா உங்களுக்கும் குழந்தைக்கும் அதுவும் கஷ்டம். மனநல டாக்டர், பிரசவம் பாக்கற டாக்டர் ரெண்டு பேருக்கும் தெரியணும், குழந்தை பிறந்து சில நாள் கொஞ்சம் நடுக்கம், சிணுங்கல் இருக்கான்னு அவங்க பாத்துப்பாங்க. மாமியாரையும் கூட கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயால கேட்டா வீட்டுல சண்டை இருக்காது. பராக்ஸெட்டின் போடறவங்களா இருந்தா குழந்தைக்கு பிளான் பண்றப்பவே போய் பேசணும்.

கேள்வி: நிறுத்தறப்ப தூக்கம் வரல, ரெண்டு கட்டிங் போட்டா வருது. (பாபநாசம்)

பதில்: ரெண்டாம் ஜாமத்துல முழிப்பும் வருமே, அதை எழுதல. வேணாம். குளோனசிபாம் கூட சேந்துச்சுன்னா மூச்சே அடங்கிடலாம்.

கேள்வி: டாக்டரே குறைச்சுக் குறைச்சு நிறுத்திட்டாரு, நல்லா இருக்கேன். செர்ட்ராலின் ரெண்டு அட்டை மீதி இருக்கு, எதுத்த வீட்டு அத்தாச்சிக்கும் இதே மாதிரி மனசு சரியில்ல, கொடுக்கட்டுமா? (வலங்கைமான்)

பதில்: கொடுக்காதீங்க, அத்தாச்சிய உங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மீந்தத மாத்திரையா பிரிச்சு காப்பித்தூள் சக்கையில கலந்து கவர்ல கட்டி குப்பையில போடுங்க, வாய்க்கால்ல வீசாதீங்க.